பாலைக் காய்ச்சினால் போகாதா?

சந்தேகம் வந்தால் அடுப்பில் ஏற்று என்பது நம் வீடுகளின் எழுதாத சட்டம். தண்ணீரில் கிருமி இருக்குமோ என்று தோன்றினால் கொதிக்க வைக்கிறோம். பால் கறந்து நேரமாகிவிட்டதா, இன்னொரு முறை காய்ச்சுகிறோம். ஆனால் எங்காவது அணு உலை விபத்து என்று செய்தி வந்தால், கூடவே 'பால் குடிக்காதீர்கள், கீரை சாப்பிடாதீர்கள்' என்ற எச்சரிக்கையும் வருகிறது. நன்றாகக் காய்ச்சிக் குடித்தால்தான் என்ன?

இங்கிலாந்தின் வடமேற்குக் கடற்கரையில் விண்ட்ஸ்கேல் என்ற இடத்தில் 1957 அக்டோபர் 10 அன்று ஓர் அணு உலையில் தீ பிடித்தது. புகைபோக்கி வழியாக வெளியேறிய கதிரியக்கப் பொருள் சுற்றுவட்டாரப் புல்வெளிகளில் படிந்தது. சில நாட்களுக்குள் ஏறத்தாழ 500 சதுர கிலோமீட்டர் பரப்பில் கறந்த பாலை விற்கக் கூடாது என்று உத்தரவு வந்தது. பண்ணைக்காரர்கள் கேன் கேனாகப் பாலைக் கால்வாயிலும் கடலிலும் கொட்டினார்கள். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் காய்ச்சத் தெரியாமலா போயிற்று?

இதைவிட வியப்பான செய்தி ஒன்று உண்டு. அதே பாலைப் பொடியாக்கி மூன்று மாதம் மூடி வைத்திருந்தால், அன்று எல்லாரும் அஞ்சிய நஞ்சு அதில் கிட்டத்தட்ட இல்லாமலே போயிருக்கும். நெருப்பால் முடியாததை வெறும் நாட்கள் எப்படிச் செய்கின்றன?

அடுப்பின் சூடு எட்டாத இடம்

கிருமி ஓர் உயிர். சூடு பட்டால் அதன் உடலிலுள்ள புரதங்கள் சிதைந்து அது சாகும். கதிரியக்க அணுவுக்கு உயிர் இல்லை, அதனால் சாவும் இல்லை. அணுவின் நடுவே இருக்கும் அணுக்கரு நிலையற்றதாக இருந்தால், அது என்றாவது ஒரு கணத்தில் கதிரை உமிழ்ந்துவிட்டு வேறொரு தனிமமாக மாறிவிடும். இதுதான் கதிரியக்கம். அடுப்பின் சூடு மூலக்கூறுகளை உலுக்கும். பாலைப் பொங்க வைக்கும். அணுக்கரு வரைக்கும் அது போகாது. ஃப்ரிட்ஜின் குளிரும் போகாது, ஊறுகாயின் உப்பும் புளிப்பும் போகாது. பாலைத் திரட்டுப்பாலாகக் கிண்டினால் நிலைமை இன்னும் மோசம். தண்ணீர் ஆவியாகிவிடும்; கதிரியக்கப் பொருளில் பெரும்பகுதி சட்டியிலேயே தங்கும். கரண்டிக்குக் கரண்டி அளவு கூடியிருக்கும்.

அளவு என்றால் எதில் அளப்பது? ஒரு நொடிக்கு ஓர் அணுக்கரு சிதைந்தால் அது ஒரு பெக்கரல். பெக்கரல் என்ற சொல்லைக் கேட்டதுமே மிரள வேண்டாம். நம் உடம்பிலுள்ள பொட்டாசியத்தில் இயற்கையாகவே ஒரு சிறு பங்கு கதிரியக்கமுள்ளது. அதனால் மட்டும் வளர்ந்த மனிதர் ஒவ்வொருவரிடமும் சுமார் 4,000 பெக்கரல் எப்போதும் இருக்கிறது. ஒரு வாழைப்பழத்தில் ஏறக்குறைய 15 பெக்கரல். ஆகவே 'இருக்கிறதா, இல்லையா' என்று கேட்பதில் பயனில்லை. எந்தப் பொருள், எவ்வளவு, உடம்பில் எங்கே போய் உட்காருகிறது என்றுதான் கேட்க வேண்டும்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். வெங்காயம் முளைவிடாமலிருக்க அதன்மேல் கோபால்ட்-60 இன் காமா கதிரைப் பாய்ச்சுகிறார்கள். அந்த வெங்காயம் கதிரியக்கம் பெறுவதில்லை. கதிர் அதன் வழியே போய்விட்டது, அவ்வளவுதான். விபத்தின்போது கவலைப்பட வேண்டியது கதிர் பட்ட உணவைப் பற்றியல்ல, கதிரியக்கத் தூசு ஒட்டிய உணவைப் பற்றி. தூசு என்பதால்தான் அதைத் தடுக்க முடிகிறது, கழுவ முடிகிறது, பிரித்தெடுக்க முடிகிறது. இவை எதுவும் ஆகாதபோது காத்திருக்க முடிகிறது. உணவைக் காக்கும் எல்லா வழிகளும் இவற்றுக்குள் அடங்கிவிடும்.

உடம்பை ஏமாற்றும் மூன்று தனிமங்கள்

அணு உலையிலிருந்து வெளியேறும் பொருட்கள் ஏராளம். உணவைப் பொறுத்தவரை மூன்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலாவது அயோடின்-131. நம் கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி வேலை செய்ய அயோடின் வேண்டும். வந்தது உப்பில் போடும் நல்ல அயோடினா, உலையிலிருந்து வந்ததா என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியாது. கிடைத்ததைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். இரண்டாவது சீசியம்-137. வேதியியலில் இது பொட்டாசியத்தின் பங்காளி; பொட்டாசியம் போகும் இடமெல்லாம், முக்கியமாகத் தசைகளுக்கு, இதுவும் போகும். மூன்றாவது ஸ்ட்ரான்சியம்-90. இது கால்சியத்தைப் போல நடந்துகொள்வதால் எலும்பில் குடியேறும்.

ஒரு கதிரியக்கப் பொருளில் சரிபாதி சிதைந்து தீர எடுக்கும் காலத்தை அதன் அரை ஆயுள் என்கிறோம். அயோடின்-131 க்கு அது 8 நாள். சீசியத்துக்கு 30 ஆண்டு, ஸ்ட்ரான்சியத்துக்கு ஏறத்தாழ 29 ஆண்டு. அயோடினுக்குச் சொல்லும் வைத்தியம் சீசியத்துக்கு ஏன் பலிக்காது என்பது இந்த எண்களிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு லிட்டர் பாலின் கணக்கு

விபத்து நடந்த இடத்துக்குக் காற்று போகும் திசையில் ஒரு கிராமம். புல்வெளியில் அயோடின்-131 மெலிதாகப் படிந்திருக்கிறது. அங்கே நின்று மூச்சு விடும் மனிதருக்குள் போவது கொஞ்சம்தான். ஆனால் மாடு அப்படியில்லை. மேய்ச்சலில் உள்ள ஒரு பசு நாளொன்றுக்கு நூறு சதுர மீட்டருக்கும் அதிகமான புல்லை வழித்துத் தின்கிறது. அவ்வளவு பரப்பில் படிந்ததெல்லாம் ஒரே வயிற்றில் சேர்ந்து, ஒரு பகுதி ஓரிரு நாளிலேயே மடிக்கு வந்துவிடுகிறது. அந்தப் பாலை அதிகம் குடிப்பது குழந்தை. பெரியவர்களின் தைராய்டு 20 கிராம் இருக்கும். ஒரு வயதுக் குழந்தைக்கு 2 கிராம்தான். அதே அயோடின் அவ்வளவு சிறிய சுரப்பிக்குள் குவிந்தால், ஒவ்வொரு கிராமும் வாங்கும் அடி பல மடங்கு.

நம் கணக்குக்காக அந்தப் பாலில் லிட்டருக்கு 4,000 பெக்கரல் அயோடின்-131 இருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்ட்ஸ்கேல் விபத்தில் அதிகாரிகள் அவசரமாக நிர்ணயித்த வரம்பு, இன்றைய அலகில் சொன்னால் லிட்டருக்கு 3,700 பெக்கரல். நம் பால் அதையும் தாண்டிவிட்டது. 2011 இல் ஃபுகுஷிமா அணு உலை விபத்தின்போது ஜப்பான் பாலுக்கு வைத்த தற்காலிக வரம்பு 300, கைக்குழந்தைகளுக்கு 100.

இந்தப் பாலைக் கொட்டாமல் பொடியாக்கி டப்பாவில் அடைக்கிறோம். எட்டாம் நாள் 2,000. பதினாறாம் நாள் 1,000. இருபத்து நான்காம் நாள் 500. முப்பத்திரண்டாம் நாள் 250. ஜப்பானின் பொது வரம்புக்குள் வந்துவிட்டது. நாற்பதாம் நாள் 125. நாற்பத்தெட்டாம் நாள் 63 க்கும் கீழே. கைக்குழந்தைக்கான வரம்புக்குள்ளும் வந்துவிட்டது. எண்பதாம் நாள் 4 பெக்கரலுக்குள். மூன்று மாதம் கழித்து டப்பாவைத் திறந்தால், லிட்டருக்கு ஒரு பெக்கரலுக்கும் இரண்டு பெக்கரலுக்கும் இடையில்தான் நிற்கும். பாலில் இயற்கையாகவே உள்ள பொட்டாசியத்தின் கதிரியக்கம் லிட்டருக்கு சுமார் 50 பெக்கரல். அதோடு ஒப்பிட்டால் மிச்சமிருக்கும் அயோடின் ஒரு பொருட்டே இல்லை. போன அயோடின் எங்கே போயிற்று? செனான் என்ற தீங்கற்ற வாயுவாக மாறிவிட்டது.

இப்போது அதே 4,000 பெக்கரல் சீசியமாக இருந்தால்? மூன்று மாதம் கழித்துத் திறந்தாலும் 3,970 க்கு மேல் இருக்கும். அது 2,000 ஆக, அந்தக் குழந்தை வளர்ந்து முப்பது வயதாக வேண்டும்.

காத்திருக்க முடியாதபோது

சீசியத்தைக் காலத்திடம் விட முடியாது. ஆனால் அதற்கு ஒரு பலவீனம் உண்டு: தண்ணீரில் எளிதில் கரையும், கொழுப்போடு சேராது. பாலைக் கடைந்தால் சீசியம் மோரோடு போய்விடும். வெண்ணெயில் தங்குவது மிகச் சிறு பங்கு. உருக்கி நெய்யாக்கினால் அதுவும் இராது. ஸ்ட்ரான்சியம் வேறு ரகம். உறை நொதி சேர்த்துச் செய்யும் சீஸில் கால்சியத்தோடு அதுவும் உறைந்துவிடும். எலுமிச்சைச் சாறு விட்டுத் திரிப்பது போன்ற புளிப்பு முறையில் செய்தால் பெரும்பகுதி தெளிநீரில் இறங்கிவிடும்.

இந்த விவகாரம் நம் உச்ச நீதிமன்றம் வரை வந்திருக்கிறது. 1986 இல் நடந்த செர்னோபில் அணு உலை விபத்துக்குப் பிறகு ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உதவியாக அயர்லாந்து வெண்ணெய் பம்பாய்க்கு வந்தது. அதில் கதிரியக்கம் கலந்திருக்கிறது, விநியோகிக்கக் கூடாது என்று வழக்கு. நிபுணர் குழு ஒன்று ஆராய்ந்து அது உண்ணத் தகுந்ததே என்றது. 1988 இல் மனு தள்ளுபடியானது. பாலிலிருந்து வரும் பொருட்களில் சீசியத்துக்கு மிகவும் ஒவ்வாதவற்றில் ஒன்று வெண்ணெய் என்பதை அறிந்தவர்களுக்கு அந்த முடிவு ஆச்சரியம் தந்திருக்காது.

மாட்டின் வயிற்றிலேயே சீசியத்தைப் பிடித்து நிறுத்தவும் முடியும். பிரஷ்யன் நீலம் என்றொரு நிறமி உண்டு. ஓவியர்களின் பழைய நீலம். அதன் படிக அமைப்புக்குள் சீசியம் போனால் சிக்கிக்கொள்ளும். நார்வே இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது. அங்கே கலைமான்கள் குளிர்காலத்தில் மேய்வது கற்பாசிகளை. செட்டிநாட்டு மசாலாவில் போடுகிறோமே கல்பாசி, அந்த இனம். வேரில்லாத இந்தப் பாசி தனக்கு வேண்டியதையெல்லாம் மழையிலிருந்தும் காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்வதால், செர்னோபிலிலிருந்து 1986 மழையில் இறங்கிய சீசியத்தை அப்படியே உறிஞ்சி வைத்திருந்தது. நார்வேக்காரர்கள் பிரஷ்யன் நீலத்தைத் தீவனத்திலும் கால்நடைகள் நக்கும் உப்புக் கட்டிகளிலும் கலந்தார்கள். குடலில் நிறமி சீசியத்தைப் பற்றிக்கொள்ள, இரண்டும் சாணத்தோடு வெளியேறின. அறுப்பதற்குச் சில வாரங்களுக்கு முன் சுத்தமான தீவனத்துக்கு மாற்றினாலும் இறைச்சியில் சீசியம் வேகமாகக் குறையும். உயிருள்ள உடம்பு அதை நீண்ட நாள் வைத்திருப்பதில்லை.

வீட்டுத் தோட்டமும் கொல்லைப் பசுவும்

கடைக்கு வரும் பாலை யாராவது சோதிப்பார்கள். கொல்லையில் கட்டியிருக்கும் பசுவை யார் சோதிப்பது? செர்னோபிலைச் சுற்றிய பெலாரஸ், உக்ரைன் கிராமங்களில் இதுதான் நீண்ட நாள் தலைவலி. கூட்டுப் பண்ணைகளின் பால் கண்காணிப்புக்குள் வந்தது. காட்டோரப் புல்லை மேய்ந்த சொந்தப் பசுவின் பாலும், காட்டில் பொறுக்கிய காளானும், பெர்ரிப் பழங்களும் நேராகச் சாப்பாட்டுக்கு வந்தன.

தோட்டம் வைத்திருப்பவர் செய்யக் கூடியவை முதல் வாரங்களில் ஒருவிதம், அடுத்த ஆண்டுகளில் வேறுவிதம்.

முதல் வாரங்களில் ஆபத்து இலைமேல் இருக்கிறது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்துக்குப் பின் முதலில் தடைக்குள்ளானவற்றில் ஒன்று திறந்த வெளியில் விளைந்த பசலைக்கீரை. பக்கத்து இபராகி மாநிலத்தில் எடுத்த ஒரு மாதிரியில் கிலோவுக்கு 54,000 பெக்கரல் அயோடின் இருந்தது, வரம்போ 2,000. அகன்ற இலை, மேலே பார்த்தபடி விரிந்த பரப்பு, விழுந்ததெல்லாம் தங்கிவிடும். தூசு வருவதற்கு முன்பே எச்சரிக்கை கிடைத்தால், விளைந்ததைப் பறித்து உள்ளே வைக்கலாம், கிணற்றையும் வைக்கோல் போரையும் மூடலாம், மாட்டைத் தொழுவத்தில் கட்டிப் பழைய வைக்கோல் போடலாம். தூசு வந்த பிறகு, அதிகாரிகள் சாப்பிடலாம் என்று சொன்ன காய்களைக்கூட ஓடும் தண்ணீரில் கழுவ வேண்டும். முட்டைக்கோஸின் வெளி இதழ்களை உரித்து எறிந்தால் உள்ளே இருக்கும் உருண்டை பெரும்பாலும் சுத்தம். கிழங்கு மண்ணுக்குள் ஒளிந்திருப்பதால் முதல் பருவத்தில் தப்பிவிடும். மண் போகக் கழுவித் தோல் சீவ வேண்டும். உரித்த இதழும் சீவிய தோலும் எருக்குழிக்குப் போகக் கூடாது.

பிறகு அயோடின் போய்விடும். மண்ணில் சீசியம் நிற்கும். இப்போது வழி வேர். களிமண் சீசியத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கரிமச் சத்து மிகுந்த சதுப்பு மண் எளிதில் விட்டுக்கொடுத்துவிடும். ஃபுகுஷிமா விவசாயிகள் கையாண்ட மருந்து நம் ஊர் உரக்கடையிலும் கிடைப்பதுதான்: பொட்டாஷ். வயலில் பொட்டாசியம் தாராளமாக இருந்தால், பந்தியில் இலைகளெல்லாம் நிரம்பிய பிறகு வந்தவனைப் போல, சீசியத்துக்கு வேரில் இடம் கிடைக்காது. அதே தர்க்கத்தில் சுண்ணாம்பு போட்டால் கால்சியம் கூடி ஸ்ட்ரான்சியம் குறையும். ஆனால் பொட்டாசியத்துக்காக விறகுச் சாம்பல் தூவும் பழைய வழக்கத்தை அங்கே விட்டுவிட வேண்டும். மரம் எரிந்து போனாலும் அதிலிருந்த சீசியம் சாம்பலில் செறிந்து நிற்கும். உரமிடுவதாக நினைத்து அதைத் தோட்டத்தில் சேர்த்துவிடுவோம்.

சமையலறையிலும் கொஞ்சம் செய்யலாம். காளானையோ காயையோ உப்புத் தண்ணீரில் வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் சீசியத்தில் கணிசமான பங்கு அதோடு போய்விடும். இங்கே வேலை செய்வது சூடு இல்லை, வடித்துக் கொட்டுவது. அதே காளானைக் குழம்பில் போட்டால் ஒன்றும் குறையாது. எல்லாம் குழம்பிலேயே இருக்கும். அரிசியில் சீசியம் தவிட்டில் செறிகிறது. தீட்டிய அரிசியில் குறைவு. நார்ச்சத்துக்காகத் தவிட்டோடு உண்ணச் சொல்லும் மருத்துவரின் அறிவுரைக்கு இந்த ஒரு சந்தர்ப்பத்தில் மட்டும் விடுமுறை.

கடைச் சரக்கும் உப்பு வேட்டையும்

கடையிலுள்ள மூடிய டின், உறையிட்ட பிஸ்கட், மூட்டை அரிசி இவையெல்லாம் விபத்துக்கு முன்பே அடைக்கப்பட்டவை. சுற்றிலும் தூசு விழுந்தாலும் உள்ளே உள்ளது கெடவில்லை. வெளிப்புறத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டுத் திறந்தால் போதும்; அந்தத் துணியைக் கட்டி அப்புறப்படுத்த வேண்டும். முதல் நாட்களுக்கு இதைவிட நல்ல சாப்பாடு கிடையாது.

பீதியில் மக்கள் வாங்கியது வேறு. 2011 மார்ச்சில் சீன நகரங்களில் அயோடின் உப்புக்கு அடிதடி. கடைகளின் அலமாரிகள் ஒரே நாளில் காலி. நல்ல அயோடினை முன்கூட்டியே நிரப்பிவிட்டால் தைராய்டு கெட்ட அயோடினை ஏற்காது என்பது உண்மைதான். பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுப்பதும் அதற்குத்தான். பெரியவர்களுக்கான ஒரு மாத்திரையில் சுமார் 100 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. கிலோவுக்கு 30 மில்லிகிராம் அயோடின் கலந்த உப்பில் அதைப் பெற வேண்டுமானால், ஒரே மூச்சில் மூன்று கிலோ உப்புக்கு மேல் தின்ன வேண்டும். கதிரியக்கத்துக்கு முன்பே உப்பு ஆளைக் கொன்றுவிடும். மாத்திரையையும் சுகாதாரத் துறை சொல்லும் நேரத்தில்தான் எடுக்க வேண்டும். அது தைராய்டை மட்டும் காக்கும். சீசியத்திடம் அதன் பாச்சா பலிக்காது.

மாதங்கள் கழித்துக் கடைக்கு வரும் புதிய விளைச்சலுக்கு ஒரே காவல் அளவெடுப்பு. நாக்குக்கும் மூக்குக்கும் சீசியம் தெரியாது. 2012 ஏப்ரலில் ஜப்பான் பொது உணவுக்குக் கிலோவுக்கு 100 பெக்கரல் சீசியம் என்று கடுமையான வரம்பு வைத்தது. அந்த ஆண்டு நெல் அறுவடையிலிருந்து ஃபுகுஷிமா மாநிலத்தில் மாதிரிக்கு எடுத்துப் பார்க்கவில்லை. ஒவ்வொரு மூட்டையையும் பார்த்தார்கள். தவிடு நீக்காத அரிசி 30 கிலோ மூட்டைகளாக நகரும் பட்டையில் ஏறி, அளவுக் கருவிக்குள் நுழைந்து, சில நொடிகளில் மறுபக்கம் வந்து சீட்டு ஒட்டப்பட்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு கோடி மூட்டைகள். முதல் ஆண்டில் வரம்பு மீறியவை 71. 2015 விளைச்சலிலிருந்து ஒன்றும் இல்லை. பொட்டாஷின் பலன் அப்படி எண்ணாகத் தெரிந்தது. 2020 இல் பெரும்பாலான ஊர்களில் மாதிரிச் சோதனை போதும் என்று மாற்றினார்கள்.

முதல் வாரம் யாருடையது?

செர்னோபில் உலை வெடித்தது 1986 ஏப்ரல் 26 அதிகாலை. சோவியத் தொலைக்காட்சி அதைச் சில வரிகளில் சொன்னது ஏப்ரல் 28 இரவு. பாலில் அயோடினுக்கு அரசு வரம்பு நிர்ணயித்தது மே 6. இந்தப் பத்து நாட்களில் அயோடின் ஒருமுறைக்கு மேல் பாதியாகிவிட்டது. சிதைந்ததில் ஒரு பங்கு குழந்தைகளின் கழுத்துக்குள்ளேயே சிதைந்தது.

பக்கத்து நாடான போலந்து மாஸ்கோவின் விரிவான விளக்கத்துக்காகக் காத்திருக்கவில்லை. தன் அளவுக் கருவிகளில் கதிரியக்கம் ஏறியதைக் கண்டதும் ஏப்ரல் 29 அன்றே இறங்கியது. ஒரு கோடிக்கும் அதிகமான குழந்தைகளுக்கு அயோடின் கரைசல் கொடுக்கப்பட்டது. பசுக்களை மேய விடத் தடை வந்தது. சிறு குழந்தைகளுக்குப் புதுப்பால் கூடாது, பால்பொடிதான் என்று உத்தரவானது.

பெலாரஸ், உக்ரைன், ரஷ்யாவின் பாதிக்கப்பட்ட பகுதிகளில் 1986 இல் சிறுவர் சிறுமியராக இருந்தவர்களிடையே 2005 க்குள் 6,000 க்கும் அதிகமான தைராய்டு புற்றுநோய்கள் பதிவாயின. அவற்றில் கணிசமானவை அந்த முதல் வாரங்களில் குடித்த பாலின் விளைவு. அறுவை சிகிச்சையும் மருந்தும் பெரும்பாலோரைக் காப்பாற்றின. அதே 2005 வரையிலான கணக்கில் இறந்தவர்கள் 15 பேர். மற்றவர்களில் பலருக்கு ஆயுள் முழுக்கத் தினமும் மாத்திரை.

இதைத் தடுக்கப் புதிய கண்டுபிடிப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பாலில் அயோடின் வரும் என்பது 1957 முதலே தெரியும். எட்டு நாளில் பாதியாகும் என்பது அதற்கும் முன்பே தெரியும். 'இன்னும் சில வாரத்துக்குக் குழந்தைக்குக் கறந்த பால் வேண்டாம், பழைய பால்பொடியைக் கரைத்துக் கொடுங்கள்' என்ற ஓர் அறிவிப்பு ஏப்ரல் 26 காலையிலேயே வானொலியில் வந்திருந்தால் போதும். அணு உலைக்குப் பக்கத்தில் வாழும் எந்த ஊர்க்காரரும், கல்பாக்கமோ கூடங்குளமோ, தன் அரசிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வியும் இதுதான்: விபத்து என்றால் எங்கள் பாலை யார் அளப்பார்கள், எத்தனை மணி நேரத்துக்குள் எங்களிடம் சொல்வார்கள்?